“வீட்டில் இருக்கிறார், பிரபு!”

கேள்வி: ‘ஹாம்லெட்’ நாடகத்தில் ஒஃபிலியாவுக்குப் புத்தி பேதலித்தது காதல் தோல்வியால்தானே? எங்கள் பேராசிரியை அவள் அப்பாவைக் குற்றவாளி ஆக்குகிறார்.
- முதுகலை மாணவி, பாளையங்கோட்டை

பதில்: நான் உங்கள் பேராசிரியை கட்சி.

முதல் அங்கத்தைப் புரட்டுங்கள். பிரான்ஸுக்குக் கப்பலேறும் அவசரத்திலும் அண்ணன் லேயர்டீஸ் தங்கைக்குக் கற்பு உபதேசம் செய்கிறான். ‘முதலில் நீ ஒழுங்காக இரு’ என்கிற தொனியில் அவனுக்காவது ஒரு குத்து விடுகிறாள். அடுத்து அப்பா பொலோனியஸ். ‘இளவரசர் ஹாம்லெட் கண்ணியமாகத்தான் பழகினார்’ என்று முனகிப் பார்க்கிறாள், எடுபடவில்லை. இனி இளவரசனோடு பேச்சே கூடாது என்கிறார். சரி என்றுவிடுகிறாள். (அவளுக்கு அம்மா என்று ஒருத்தி நாடகத்தில் எங்குமே வருவதில்லை, கவனித்தீர்களா?)

மூன்றாம் அங்கம்தான் கொடுமை. கையில் ஜெபப் புத்தகத்தைத் திணித்து அவளை நிறுத்திவிட்டு, அப்பாவும் ராஜாவும் ஒளிந்து நின்று ஒட்டுக் கேட்கிறார்கள். “உன் அப்பா எங்கே?” என்கிறான் ஹாம்லெட். “வீட்டில் இருக்கிறார், பிரபு.” அப்பாவுக்காகச் சொன்ன பொய். அவன் வசைபாடிவிட்டுப் போனதும் இடிந்து நிற்கும் மகளிடம் அந்த மனிதர் சொல்வது: ‘அவன் பேசியதை நீ சொல்ல வேண்டாம், எல்லாம் கேட்டோம்.’ அவ்வளவுதான்! அடுத்து ராஜாவோடு ஆலோசனை.

பிறகு அதே அப்பா, காதலன் கையாலேயே சாகிறார். அண்ணனோ ஊரில் இல்லை. காதலுக்குப் பங்கில்லை என்று சாதிக்க மாட்டேன். பித்துப் பிடித்தபின் அவள் பாடுவதில் அப்பாவின் சாவும் உண்டு, ஏமாற்றிப்போன காதலனும் உண்டு. ஆனால் அடக்க ஒடுக்கமாக வளர்ந்த பெண், அரசவை கூசும்படி வாய்விட்டுப் பாடுவது அப்போதுதான்.