குறுக்கே வெட்டினால் மேடு தெரியாது: படகு வரைபவர்களின் கேள்விகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறியதும் பாம்பன், மண்டபம் பக்கம் புதுப் படகு வரைகிறவர்கள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிடுவார்கள், எனக்குக் கேள்விகளும் வரத் தொடங்கும். இந்த முறை பெரும்பாலும் ஒரே கவலைதான்: மேல்பரப்பு சீராக இருக்கிறதா இல்லையா?

“9 மீட்டர் ஃபைபர் வள்ளம் ரைனோவில் (கம்ப்யூட்டரில் வரையும் மென்பொருள்) வரைந்திருக்கிறேன் அண்ணே. அரை மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு எடுத்தேன், எல்லாம் வழுவழுவென்று இருக்கிறது. எங்கள் ஆசாரியோ திரையில் பார்த்துவிட்டு, ‘அணியத்துப் பக்கம் (படகின் முன்முனை) மேடு தட்டுது’ என்கிறார். யார் சொல்வது சரி?” (கீழக்கரை)

ஆசாரிதான் தம்பி.

மேடு நீளவாக்கில் எழும்புகிறது, நீங்கள் குறுக்கே வெட்டுகிறீர்கள். 3 மி.மீ. மேடு என்றால் அந்த இடத்து வெட்டு மொத்தமாக 3 மி.மீ. அகலும், அவ்வளவுதான். அதன் வளைவு கெடாது. தனியாக எடுத்துப் பார்த்தால் அது நல்ல பிள்ளை. அண்ணன் தம்பிகளோடு வரிசையில் நிறுத்தினால்தான் துருத்தும்.

அதனால் வளைவை விட்டுவிட்டு, வெட்டுக்கு வெட்டு என்ன வித்தியாசம் என்று பாருங்கள். ஒரே நீர்மட்டத்தில், நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு வெட்டும் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று எக்செல்லில் எழுதுங்கள். உதாரணத்துக்கு 412, 560, 692, 808, 908, 992 மி.மீ. அடுத்தடுத்த வித்தியாசம் 148, 132, 116, 100, 84. அந்த வித்தியாசங்களுக்குள் மறுபடி கழித்தால் எல்லாமே 16. இது சீரான படகு. இப்போது 808ஐ மட்டும் 811 ஆக்குங்கள். கடைசி வரிசை 16, 13, 22, 13 என்று குதிக்கும். கண்ணுக்குத் தெரியாத மேடு கணக்கில் தெரிந்துவிடும்.

கண்ணுக்கு ஏன் தெரியவில்லை? 9 மீட்டர் படகு 30 செ.மீ. திரையில் 1:30 அளவில் நிற்கிறது. 3 மி.மீ. மேடு அங்கே 0.1 மி.மீ., தலைமுடிப் பருமன். இதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. வரைபடத்தை நகலெடுத்து, ‘ஸ்கேல் 1டி’யால் நீளத்தை மட்டும் பத்தில் ஒன்றாகச் சுருக்கி, திரை நிறையப் பெரிதாக்கிப் பாருங்கள். மேடு ஒட்டக முதுகாக நிற்கும். ஆசாரிகள் ரீப்பர் கட்டையின் முனையில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்ப்பதும் இதே வித்தைதான். அவர்கள் தலையைச் சாய்க்கிறார்கள், நாம் படத்தைச் சுருக்குகிறோம்.

வாட்டர்லைனோடு (நீர்மட்டக் கோடு) டயகனல் கோடுகளையும் (படகைச் சாய்வாக வெட்டும் கோடுகள்) எடுங்கள். அவை பலகையை ஏறக்குறைய நேர்க்கோணத்தில் வெட்டுவதால் பொய் சொல்வது குறைவு.

“எத்தனை மி.மீ. இடைவெளியில் வெட்ட வேண்டும்?” (தொண்டி)

நடுப்பகுதியில் 500 போதும், அணியத்தில் 100. கன்ட்ரோல் பாயின்ட் (பரப்பை இழுத்து வடிவம் கொடுக்கும் புள்ளி) வரிசையும் வெட்டும் ஒரே இடத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோளாறு அநேகமாக இரண்டு வரிசைக்கு நடுவில்தான் ஒளிந்திருக்கும்.

“வெட்டுக்கோடு வளைவாக வராமல் உடைந்து உடைந்து வருகிறது.”

மெஷ்ஷை, அதாவது பரப்பைச் சின்னச் சின்னத் தட்டை முகங்களாக உடைத்த வலையை, வெட்டியிருப்பீர்கள். அசல் சர்ஃபேஸை வெட்டுங்கள். ஸீப்ரா கோடு (சீர்மையைச் சோதிக்கப் பரப்பின் மேல் காட்டும் வரிகள்) பல்லுப் பல்லாகத் தெரிந்தாலும் முதலில் அதன் அனாலிசிஸ் மெஷ்ஷைப் பொடியாக்கிப் பாருங்கள். படகில் குறையே இல்லாமல் இரண்டு நாள் அழித்து அழித்து வரைந்தவர்களை எனக்குத் தெரியும்.

“கர்வேச்சர் கிராஃப் போட்டால் சீப்புப் பல் கோட்டின் இரண்டு பக்கமும் நீள்கிறது. தப்பா?” (தேவிபட்டினம்)

சீப்பின் ஒவ்வொரு பல்லும் அந்த இடத்தில் கோடு எவ்வளவு வளைகிறது என்று காட்டும். பல் பக்கம் மாறும் இடத்தில் வளைவு திசை மாறுகிறது. அலையைத் தள்ள அணியத்தை மேலே விரித்திருந்தால் ஒரு தடவை மாறத்தான் செய்யும். நீங்கள் கேட்காத இடத்தில் மாறினால் தப்பு. பல்லின் நீளம் திடீரென்று ஏறி இறங்கினாலும் தப்பு. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: பாயின்ட் அதிகம். ஒரு பள்ளத்தை நிரப்ப ஒரு பாயின்ட், அது கிளப்பிய மேட்டை அமுக்க இன்னொன்று என்று சேர்ந்துகொண்டே போகும். இந்த நீளத்துக்கு ஏழெட்டு வரிசை தாராளம். முதலில் அழியுங்கள், பிறகு நகர்த்துங்கள்.

“பிளைவுட்டில் கட்டப் போகிறேன். வேறு என்ன பார்க்க வேண்டும்?”

காஸியன் கர்வேச்சர், அதாவது பரப்பு ஒரே இடத்தில் இரண்டு திசையிலும் வளைகிறதா என்று காட்டும் அளவு. எங்கும் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால்தான் தட்டைப் பலகை மடங்கி உட்காரும்.

“திரையில் எல்லாம் சரியாகிவிட்டால் பட்டி பார்க்கும் வேலை மிச்சம்தானே?” (மண்டபம்)

குறையும், ஒழியாது. வருடங்களுக்கு முன் நான் வரைந்த ஒரு வள்ளம், சீப்பு, ஸீப்ரா எல்லாவற்றிலும் தேறியது. பட்டறையில் மோல்டுக்கு (ஃபைபர் வார்க்கும் அச்சு) வங்கு (விலாச் சட்டம்) நிறுத்தியபோது வலப்பக்கம் ஒன்று சில மி.மீ. உள்ளே போய்விட்டது. நானும் கூட இருந்தேன். உச்சி வெயிலில் தடவிப் பார்த்து, “உப்புத்தாள் போடுங்கள்” என்று சொல்லிவிட்டேன். சாயங்கால வெயில் சாயும்வரை காத்திருந்தால் நிழலே காட்டிக் கொடுத்திருக்கும். அந்த மோல்டில் மூன்று வள்ளம் இறங்கிவிட்டன, மூன்றுக்கும் வலப்பக்கம் அதே பள்ளம். வாடை அடங்கி வடகடல் கண்ணாடி மாதிரி கிடக்கும் காலையில் அவை கரைக்கு வரும்போது, நான் இடப்பக்கமாகப் போய் நின்றுகொள்வேன்.