மகள் கருந்துளை ஆராய்ச்சியைத் தொடரலாமா?

"முனைவர் பட்டம்தான் வாங்கியாயிற்றே, இன்னும் மூன்று வருடம் எதற்குப் படிக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். போஸ்ட்டாக் என்பது முனைவர் பட்டத்துக்குப் பிறகு செய்யும் ஆராய்ச்சி வேலை. தேர்வு கிடையாது, பட்டம் கிடையாது, மாதச் சம்பளம் உண்டு. ஆனால் ஒப்பந்த வேலை. பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று வருடம். அதற்குப் பிறகு என்ன என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். உங்களுக்கு அந்த நிச்சயமின்மைதான் கவலை என்றால், அது நியாயமான கவலை.

உங்கள் மகள் எதற்காக இந்தத் துறையை விட மறுக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். கருந்துளையிலிருந்து ஒளி வராது. ஆனால் அதில் விழப்போகும் வாயு, தட்டுபோலச் சுழன்று கடுமையாகச் சூடாகிறது. பக்கத்தில் இருக்கும் இன்னும் சூடான பகுதியிலிருந்து கிளம்பும் எக்ஸ்-கதிர் அந்தத் தட்டில் பட்டால், அங்குள்ள இரும்பு அணுக்கள் 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் எக்ஸ்-கதிரை உமிழும்; நிறமாலையில் அது ஒரு கோடாகத் தெரியும். கருந்துளையின் ஈர்ப்பும் தட்டின் வேகமும் அந்தக் கோட்டை அகலமாக்கி ஒரு பக்கம் இழுத்துவிடும். ஜப்பானின் ஆஸ்கா செயற்கைக்கோள் எடுத்த பதிவிலிருந்து 1995-இல் இதை முதன்முதலாகத் தெளிவாகக் காட்டினார்கள். அந்தக் கோணல் வடிவத்தை வைத்து, பல லட்சம் சூரியன்களின் எடை கொண்ட ஒரு பொருள் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று கணக்கிட முடிகிறது. இதில் ஒருமுறை மனம் போனவரை வெளியே இழுப்பது எளிதல்ல. இழுக்கவும் வேண்டாம் என்பதே என் எண்ணம்.

ஆனால் இந்தத் துறைக்கென்று ஓர் ஆபத்து உண்டு. பூமியின் காற்று எக்ஸ்-கதிரை விழுங்கிவிடுவதால் தொலைநோக்கி விண்வெளியில்தான் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கருவிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 2016-இல் ஹிட்டோமி செயற்கைக்கோள் ஏவிய சில வாரங்களிலேயே செயலிழந்தது. அதன் இடத்தை நிரப்ப எக்ஸ்ரிசம் வந்தது 2023-இல். ஒரு போஸ்ட்டாக்கின் காலம் மூன்று வருடம். மாற்றுக் கருவி வர ஏழு வருடம். அதனால் ஒரே கருவியின் தரவை மட்டும் நம்பிய திட்டத்தில் உங்கள் மகள் கையெழுத்துப் போடக்கூடாது. இதை நான் அழுத்திச் சொல்வேன்.

பழைய தரவைக் குறைத்து மதிப்பிடவும் வேண்டாம். சந்திரா, எக்ஸ்எம்எம்-நியூட்டன் என்ற எக்ஸ்-கதிர் விண்வெளித் தொலைநோக்கிகள் 1999-இல் மேலே போனவை. கால் நூற்றாண்டுப் பதிவுகள் சேர்ந்திருக்கின்றன. வழக்கமாக ஒரு குறிப்பிட்ட காலம் கழித்து அவை எல்லோருக்கும் திறந்துவிடப்படும். ஜிஎஸ்என் 069 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவிலிருந்து சுமார் ஒன்பது மணி நேரத்துக்கு ஒருமுறை எக்ஸ்-கதிர் பொங்குவது 2019-இல் அறிவிக்கப்பட்டது. அப்புறம் இன்னொரு மண்டலத்திலும் எக்ஸ்-கதிர் அதேபோலப் பொங்குவது கண்டுபிடிக்கப்பட்டபோது, 2000-ஆம் ஆண்டுப் பதிவிலேயே அது இருந்தது தெரிந்தது. அது என்னவென்று புரிய ஏறக்குறைய இருபது வருடம் ஆகியிருக்கிறது! சொந்தமாக ஒரு கேள்வி இருந்தால், தொலைநோக்கி நேரம் கிடைக்காத வருடத்திலும் கையில் வேலை இருக்கும்.

சரி, எங்கே விண்ணப்பிப்பது? இரண்டு வகை உண்டு. ஒரு பேராசிரியரின் திட்டப் பணத்தில் சேர்வது ஒன்று. நாசாவின் ஹபிள் ஃபெல்லோஷிப், ஐரோப்பாவின் மேரி க்யூரி ஃபெல்லோஷிப் போலச் சொந்தத் திட்டத்துக்குப் பணம் பெறுவது இன்னொன்று. இரண்டாவதில் சுதந்திரம் அதிகம், போட்டியும் கடுமை. இரண்டுக்கும் சேர்த்தே விண்ணப்பிக்கட்டும். பல இடங்களுக்குக் கடைசித் தேதி செப்டம்பரிலிருந்து டிசம்பருக்குள் வரும். வேலையில் சேர்வது அடுத்த வருடம். அப்புறம் தேடிக்கொள்ளலாம் என்று இருந்தால் ஒரு வருடம் வீணாகும்.

எத்தனை போஸ்ட்டாக் வரை போகலாம்? இரண்டு என்பது என் கருத்து. இரண்டாவதின் நடுவில் நிரந்தரப் பணிக்கான நேர்காணல் அழைப்பே வரவில்லை என்றால் வெளியே பார்க்கத் தொடங்க வேண்டும். அந்த எல்லையை உங்கள் மகளே இப்போது வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் வைத்தால் சண்டைதான் வரும். வெளியே போனாலும் கை வெறுமையாக இருக்காது. சில நூறு ஃபோட்டான்களை, அதாவது ஒளித்துகள்களை, வைத்துக்கொண்டு எது உண்மையான சமிக்ஞை, எது இரைச்சல் என்று பிரிக்கத் தெரிந்தவர் அவர். பைத்தான், புள்ளியியல், காலத்தொடர் பகுப்பாய்வு எல்லாம் தரவு அறிவியலிலும் மருத்துவப் படிமத் துறையிலும் அப்படியே பயன்படும்.

விண்ணப்பிக்கும் ஒவ்வொரு குழுவைப் பற்றியும் ஒரு விஷயம் விசாரிக்கச் சொல்லுங்கள்: அங்கே முன்பு போஸ்ட்டாக்காக இருந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? அவர்களில் இரண்டு பேருக்காவது மின்னஞ்சல் போட்டுப் பேசட்டும். பெரிய பெயர் கொண்ட இடத்தைவிட, பழைய ஆட்கள் நல்லபடியாகப் பேசும் இடத்தையே நான் தேர்ந்தெடுப்பேன். இதைக் கோடையிலேயே செய்துவிட வேண்டும். அக்டோபர் வந்தால் விண்ணப்பம் எழுதவே பொழுது போதாது.