அடிச்சுட்டு ஓடாம நிக்கிற பொண்ணு: பதில்

வணக்கம்ங்க. கோத்தகிரியில எட்டாவது படிக்கிற உங்க பொண்ணு, கிரிக்கெட் பழக்கத்துல சாஃப்ட்பால்லயும் அடிச்சுட்டு அப்படியே நின்னு அவுட் ஆகுறான்னு எழுதியிருந்தீங்க. இங்க ஓடலாமா வேண்டாமான்னு யோசிக்கிற வேலையே கிடையாது. அடிச்ச பந்து ரெண்டு பக்கக் கோட்டுக்குள்ள விழுந்தா ஓடியே ஆகணும். மட்டையைக் கீழே போட்டுட்டுதான் ஓடணும். வீசக் கூடாது, பின்னாடியே கேட்சர் (கிரிக்கெட் விக்கெட் கீப்பர் மாதிரி) உக்காந்திருப்பாங்க.

ஓடிப் போய் மிதிக்க வேண்டிய இடத்துக்குப் பேரு பேஸ். முதல் பேஸ் 60 அடி தூரம். நம்ம மலையில சமதளம் கிடைக்கிறதே பெரும்பாடுதான், ஆனாலும் இறக்கத்துல பழக்காதீங்க, கால் கணக்கு தப்பிடும். பேஸ்ல வந்து நிக்கப் பார்த்தா வேகம் குறையும். மிதிச்சுட்டு நேரா தாண்டி ஓடச் சொல்லுங்க. முதல் பேஸ்ல அதுக்கு அனுமதி உண்டு. ரெண்டாவது, மூணாவதுல தாண்டினா பந்தால தொட்டு அவுட் ஆக்கிடுவாங்க.

பனிமூட்டத்துக்கு மஞ்சள் பந்துதான் சரி.