பிரிந்துபோன காதலன் திரும்பி வந்திருக்கிறான். இருவரும் ஆண்கள், ஊரோ ஏசும் ஊர். மறுபடி சேரலாமா?

சேரலாம். ஆனால் ஊர் மனம் மாறட்டும் என்று காத்திருந்தால் ஆயுள் போதாது. தண்டையார்பேட்டையில் பிறந்து, இன்றும் அங்கேயே, பிரிந்து திரும்பி வந்த என் காதலனோடு வாழ்கிறவன் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வந்தால் எல்லோரும் குடத்தோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டும். யார் வீட்டுக்கு யார் வந்தார் என்ற செய்தி, குடம் நிறைவதற்குள் தெருமுனையைத் தொட்டுவிடும். நாங்கள் பழகியது கேரம் கிளப்பில். இங்கே இரண்டு ஆண்கள் தோளில் கைபோட்டு நடந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வயது முப்பதை நெருங்கியும் பெண் பார்க்க மறுத்தால்தான் பேச்சு கிளம்பும். அவன் வீட்டில் அதற்கு முன்பே தெரிந்துவிட்டது. 2013 டிசம்பரில் ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377-வது சட்டப்பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்த நேரம். போலீஸுக்குப் போவேன் என்று அவனுடைய அண்ணன் மிரட்டினார். பிறகு, குணப்படுத்திக் காட்டுவதாகச் சொன்ன ஒரு மருத்துவரிடம் இழுத்துப் போனார். அந்த மாத்திரைகளால் பகலெல்லாம் தூங்கி வழிந்தவன், ஒருநாள் என்னிடம்கூடச் சொல்லாமல் மும்பைக்கு ரயில் ஏறிவிட்டான். அவன்மேல் எனக்கு இருந்த கோபம் தீர்ந்துவிட்டது. அந்த மருத்துவர்மேல் இருப்பது தீரவில்லை.

2018 செப்டம்பர் 6 அன்று, வயதுவந்த இருவர் மனமொப்பி உறவு கொள்வது குற்றமல்ல என்று தீர்ப்பு வந்தது. அப்போதும் அவன் வரவில்லை. பயம் அவ்வளவு சீக்கிரம் விடுமா? அவன் அம்மா படுக்கையில் விழுந்த பிறகுதான் வந்தான்.

ஊர் ஊர் என்கிறோமே, நம் வாழ்வைக் குலைக்கக்கூடியவர்கள் அதில் நாலைந்து பேர்தான். வீட்டு உரிமையாளர், வேலை கொடுப்பவர், உங்கள் காதலனின் அண்ணன், உங்கள் அம்மா. அவர்களைப் பற்றி மட்டும் யோசியுங்கள். தண்ணீர் வரிசையில் என் அம்மாவின் காதில் விழுவதற்கு முன் நானே சொல்லிவிட்டேன். வெகுநாள் முகம்கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக்குக் கிளம்பிய என்னிடம், "மத்தி வேண்டாம், அந்தப் பையனுக்கு முள் எடுக்கத் தெரியாது. வஞ்சிரம் கிடைத்தால் வாங்கி வா" என்றார். அவன் எங்கள் வீட்டில் சாப்பிட்ட பழைய நாட்களை அவர் மறந்திருக்கவில்லை.

ஊர் வாயை அடைக்க ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம் என்று உங்கள் காதலன் சொன்னால், தயவுசெய்து அந்த உறவையே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு பாவமும் அறியாத பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டு நாம் என்ன நிம்மதியைக் காணப்போகிறோம்?

இப்போது நமக்குச் சில பிடிமானங்கள் உண்டு. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பாலீர்ப்பை "மாற்றும்" சிகிச்சைகளைத் தடை செய்தார். நம்மைப் போலீஸார் துன்புறுத்தக் கூடாது என்றும் உத்தரவிட்டார். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் திருமண உரிமை கிடைக்காமல் போனது பெரிய வலிதான். ஆனால் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும், அந்தக் கணக்கில் துணையை நாமினியாக நியமிக்கவும் தடையில்லை என்று 2024-இல் மத்திய அரசு தெளிவுபடுத்தியது. ரேஷன் அட்டைக்கும் ஒரே குடும்பமாகக் கருதச் சொன்னது. நாங்கள் முதலில் செய்தது வங்கிக் கணக்குதான். நீங்கள் வாடகை ஒப்பந்தத்தையும் இருவர் பெயரிலேயே போடுங்கள். நாளை யாராவது வாசலில் வந்து கத்தினாலும், அது உங்கள் இருவருக்கும் உரிய வீடு என்று காட்ட ஒரு காகிதம் இருக்கும்.