ரவுட்டர்ஓஎஸ் 7: பழைய அமைப்பு, புதிய நடத்தை (வாசகர் கேள்வி-பதில்)

லாட்வியாவின் மைக்ரோடிக் நிறுவனம் ரவுட்டர்களை இயக்கும் தன் ரவுட்டர்ஓஎஸ் மென்பொருளின் ஏழாம் பதிப்பை 2021 டிசம்பரில், 7.1 என்ற எண்ணோடு, நிலையான வெளியீடாகத் தந்தது. ஆறாம் பதிப்பிலேயே இருந்துவிட்டு இப்போது மாறுகிறவர்களின் கேள்விகளே இம்முறை அதிகம் வந்துள்ளன. மேம்படுத்தல் பிழைச்செய்தி எதுவும் காட்டாமல் முடிந்தது, ஆனால் ரவுட்டர் முன்புபோல் நடந்துகொள்ளவில்லை என்பதே ஏறக்குறைய எல்லோருடைய புகாரும்.

மேம்படுத்திய பிறகு பிஜிபி (நம் முகவரிகளுக்கான வழிகளை மற்ற வலையமைப்புகளுக்கு அறிவிக்கும் நெறிமுறை) இணைப்பு 'எஸ்டாப்ளிஷ்ட்', அதாவது நிலைபெற்றது, என்றே காட்டுகிறது. ஆனால் எங்கள் /24 தொகுதி (256 முகவரிகள்) மேல்நிலைச் சேவையாளருக்குப் போய்ச் சேரவில்லை. ஏன்?

இணைப்பில் குறை இல்லை. எதை அறிவிப்பது என்பதில்தான் குறை. ஆறாம் பதிப்பில் பிஜிபி 'நெட்வொர்க்ஸ்' பட்டியலில் தொகுதியை எழுதி, 'சிங்க்ரனைஸ்' தேர்வை நீக்கிவிட்டால், ரவுட்டிங் அட்டவணையில் (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியல்) அதற்கு வழி இருக்கிறதா என்று பாராமலே அது அறிவிக்கப்பட்டுவிடும். ஏழில் அந்தப் பட்டியலே கிடையாது. தொகுதியை ஃபயர்வால் மெனுவிலுள்ள முகவரிப் பட்டியல் ஒன்றில் சேர்த்து, அந்தப் பட்டியலின் பெயரை பிஜிபி இணைப்பின் 'அவுட்புட் நெட்வொர்க்' என்ற இடத்தில் தரவேண்டும். அதன் பிறகும், அதே தொகுதிக்கு அட்டவணையில் வழி இருந்தால் மட்டுமே அறிவிப்பு போகும்.

சிறு இணையச் சேவை நிறுவனங்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. 203.0.113.0/24 உங்கள் தொகுதி என்று வைத்துக்கொள்வோம். சந்தாதாரர்கள் பிபிபிஓஇ என்ற உள்நுழைவு முறை வழியாக உள்ளே வரும்போது அட்டவணையில் ஒற்றை முகவரிக்கான /32 வழிகள்தான் வரிசையாக உருவாகின்றன. முழு /24-க்கென்று ஒரு வழி எங்கும் இருக்காது. எனவே 203.0.113.0/24-க்கு 'பிளாக்ஹோல்' வழி (வந்துசேரும் பாக்கெட்டுகளை, அதாவது தரவுத் துண்டுகளை, கைவிட்டுவிடும் வழி) ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். பெயரைப் பார்த்து அஞ்ச வேண்டாம். குறுகிய /32 வழிக்கே எப்போதும் முன்னுரிமை என்பதால் சந்தாதாரரின் போக்குவரத்து அதில் விழாது. யாருக்கும் வழங்காத முகவரிகளைத் தேடிவரும் பாக்கெட்டுகள் மட்டுமே அங்கே மடியும்; அவை உங்களுக்கும் மேல்நிலைச் சேவையாளருக்கும் இடையே பந்துபோல் எறியப்படுவதும் நிற்கும்.

அடுத்து, எந்த வழியை ஏற்பது, எதை நிராகரிப்பது என்று தீர்மானிக்கும் ஃபில்டரைப் பாருங்கள். ஆறில் ஃபில்டர் சங்கிலியின் எந்த விதிக்கும் பொருந்தாத வழி, இறுதியில் ஏற்கப்படும். ஏழில் அது நிராகரிக்கப்படும். ஃபில்டர் எழுதும் முறையும் 'இஃப்' நிபந்தனையோடு தொடங்கும் ஸ்கிரிப்ட் வடிவத்துக்கு மாறிவிட்டது. ஒரு வாடிக்கையாளர் இடத்தில் நள்ளிரவு ஒன்றரை மணிக்கு நான் புதிதாக எழுதிய சங்கிலியில், வேண்டாதவற்றை நிராகரிக்கும் மூன்று விதிகளைப் பழைய பழக்கத்தில் எழுதிவிட்டு, கடைசியில் 'அக்செப்ட்' எழுத மறந்துபோனேன். திரையில் இணைப்பு நிலை அழகாக இருந்தது, வெளியே ஒரு வழியும் போகவில்லை. குறை எங்கே என்று கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று.

என்ன அறிவிக்கப்படுகிறது என்பதை ரவுட்டரிலேயே பார்க்க, இணைப்பில் 'கீப் சென்ட் ஆட்ரிபியூட்ஸ்' தேர்வை இயக்கவேண்டும். அது நினைவகத்தைத் தின்னும். பார்த்து முடித்ததும் அணைத்துவிடுங்கள்.

அதே கருவி, அதே போக்குவரத்து. ஆனால் ஏழுக்கு மாறிய பின் சிபியு சுமை கூடிவிட்டது. இது பழுதா?

பழுது அல்ல, மென்பொருளின் மையப் பகுதியான கெர்னல் மாறியதன் விளைவு. ஆறாம் பதிப்பு லினக்ஸ் 3.3.5 கெர்னலின் மேல் நின்றது. ஏழு நிற்பது 5.6.3-இன் மேல். இவ்விரண்டுக்கும் இடையே, 2012-இல் வெளியான 3.6 கெர்னலில், ஐபிவி4 என்ற முகவரி முறைக்கான ரவுட் கேஷ் லினக்ஸிலிருந்தே நீக்கப்பட்டது. ஒருமுறை கண்டுபிடித்த வழியை நினைவில் வைத்து அடுத்த பாக்கெட்டுக்கும் அதையே தரும் ஏற்பாடு அது. சில முகவரிகளுக்கே திரும்பத் திரும்பப் போகும் போக்குவரத்தில் நன்றாக உழைத்தது. ஆனால் தாறுமாறான முகவரிகளோடு பாக்கெட்டுகளை வாரி இறைத்துத் தாக்கினால் கேஷ் நிரம்பித் திணறும். ஏழில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அட்டவணை புதிதாகத் தேடப்படுகிறது. சிறிய கருவிகளில் அந்த உழைப்பு கண்ணுக்குத் தெரிகிறது.

ஃபயர்வாலில் 'ஃபாஸ்ட்ராக்' விதியைச் சேர்த்தால், ஏற்கெனவே நிலைபெற்ற இணைப்புகளின் பாக்கெட்டுகள் பெரும்பகுதி வேலையைத் தாண்டிச் சென்றுவிடும், சுமையும் இறங்கும். ஆனால் சந்தாதாரரின் வேகத்தை 'சிம்பிள் கியூ' கொண்டு கட்டுப்படுத்துகிறீர்கள் என்றால் இதைத் தொடாதீர்கள்: ஃபாஸ்ட்ராக்கில் ஏறிய பாக்கெட் அந்தக் கியூவையும் தாண்டிப் போய்விடும், 50 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டியவர் இணைப்பு தாங்கும் மட்டும் இழுத்துக்கொண்டிருப்பார்.

இரண்டு இணைய இணைப்புகள் வைத்துள்ளோம். ஒன்று விழுந்தால் மற்றதற்கு மாறும் அமைப்பை ஆறில் இருந்தபடியே புதிய ரவுட்டரில் எழுதினேன். முதன்மை வழி செயல்படவே இல்லை.

8.8.8.8 போன்ற வெளி முகவரியை பிங் செய்து சோதிக்கும், ஒரு வழி இன்னொரு வழியைச் சார்ந்து நிற்கும் தொடர்வழி முறையைச் சொல்கிறீர்கள் என்று புரிந்துகொள்கிறேன். 8.8.8.8-க்கான வழியில் ஸ்கோப் (எந்த வழி எதைச் சார்ந்து நிற்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் எண்) 10 இருந்தால், அதன் மேல் ஏறி நிற்கும் முதன்மை வழியின் டார்கெட் ஸ்கோப் ஆறில் 10 இருந்தாலே போதும். ஏழில் அதை 11 என்று வையுங்கள். மைக்ரோடிக் தரும் எடுத்துக்காட்டிலும் அப்படித்தான் உள்ளது.

பாக்கெட்டுகளுக்கு அடையாளமிடும் மேங்கிள் விதியில் ரவுட்டிங் மார்க் இட்டுப் போக்குவரத்தைப் பிரிப்பதாயின், அந்தப் பெயரில் 'ரவுட்டிங் டேபிள்' ஒன்றை முதலில் நீங்களே உருவாக்கி, 'ஃபிப்' தேர்வையும் இட்டாகவேண்டும். ஆறில் பெயரை எழுதினாலே அட்டவணை பிறந்துவிடும். அந்தச் சலுகை இப்போது இல்லை.

ஏழின் புதிய வெளியீடுகள் பல வந்தும், என் ரவுட்டரில் தேடினால் 7.12.1 மட்டுமே தெரிகிறது.

தெரியவேண்டியது அதுதான். 7.13-இல் வயர்லெஸ் பகுதி முதன்மைத் தொகுப்பிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனித் தொகுப்பாக ஆயிற்று. அந்த மாற்றம் சரியாக நடக்க 7.12-இல் நின்றுதான் மேலே போகவேண்டும். ஆகவே 6.49-இன் கடைசி வெளியீடு, பிறகு 7.12.1, பிறகு புதியது என்று படிப்படியாக ஏறுங்கள். கோப்பைக் கையால் ஏற்றிக் குறுக்குவழியில் தாவினால், வைஃபை மெனுவே காணாமல் போனதென்று எனக்கு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள். 16 எம்பி சேமிப்பு மட்டுமே உள்ள கருவிகளில், பழைய பேக்கப் கோப்புகளை முதலில் கணினிக்கு மாற்றி இடத்தைக் காலிசெய்யுங்கள். ரவுட்டர்பூட் என்ற அடிப்படை மென்பொருளைத் தனியே மேம்படுத்தி மறுமுறை ரீபூட் செய்வதும் உண்டு. பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

நாங்கள் ஐபிவி6 (புதிய இணைய முகவரி முறை) பயன்படுத்துவதில்லை. அதற்காக ஏதும் செய்யவேண்டுமா?

வேண்டும். ஆறில் அது தனித் தொகுப்பு. ஏழில் முதன்மைத் தொகுப்புக்குள்ளேயே வருகிறது. ஐபிவி6 மெனுவின் செட்டிங்ஸில் அது இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால், ஒன்று அணைத்துவிடுங்கள், அல்லது அதற்கென்று ஃபயர்வால் விதிகள் எழுதுங்கள். ஐபிவி4-க்கு எழுதிய விதிகள் அதைக் காக்காது.

7.17-க்கு மேம்படுத்திய பின் டிராஃபிக் ஜெனரேட்டர் (சோதனைப் போக்குவரத்தை உருவாக்கும் வசதி) வேலை செய்யவில்லை. 'டிவைஸ் மோடு' அனுமதிக்கவில்லை என்கிறது. ரவுட்டரோ முப்பது மீட்டர் கோபுரத்தின் உச்சியில் இருக்கிறது.

உங்கள் எரிச்சல் நியாயமானது. 2025 ஜனவரியில் வந்த 7.17, இதுபோன்ற சில வசதிகளை இயல்பாகவே பூட்டிவைக்கிறது. முழு அட்மின் கடவுச்சொல் இருந்தாலும் தொலைவிலிருந்து மட்டும் திறக்கமுடியாது. கட்டளை கொடுத்த ஐந்து நிமிடத்துக்குள் யாராவது கருவியின் பொத்தானை அழுத்தவேண்டும், அல்லது மின்சாரத்தைத் துண்டித்து மீண்டும் தரவேண்டும். கடவுச்சொல்லைத் திருடியவன் எங்கோ உட்கார்ந்துகொண்டு அந்த வசதிகளைத் திறக்கக்கூடாது என்பதே நோக்கம். கைப்பற்றப்பட்ட மைக்ரோடிக் கருவிகளைக் கொண்டு 2021-இல் மெரிஸ் என்ற பாட்நெட் நடத்திய தாக்குதல்களை நினைத்தால், இந்தப் பிடிவாதத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. மெரிஸ் என்றால் லாட்விய மொழியில் கொள்ளைநோய் என்று பொருள்.

கோபுரம் ஏறவேண்டிய தேவை இல்லை. அந்த ரவுட்டருக்கு ஈதர்நெட் கேபிள் வழியாகவே, அதாவது பிஓஇ முறையில், மின்சாரம் போகிறது என்றால், கீழே இருக்கும் சுவிட்சில் அந்தப் போர்ட்டின் மின்சாரத்தை மட்டும் சில நொடிகள் நிறுத்தி மீண்டும் தாருங்கள். அதுவும் மின்துண்டிப்பாகவே கணக்கில் வரும். கட்டளையை முதலில் கொடுங்கள், பிறகு போர்ட்டை அணையுங்கள். வரிசை மாறினால் பயனில்லை.