ராத்திரி இரண்டு மணிக்குக் கேஸ் கசிந்தால்: ரசாயன விபத்துத் திட்டம் பற்றிக் கேள்வி பதில்

ரசாயன ஆலைகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பாதுகாப்பு அலுவலராக இருந்தேன். இப்போது சிறு ஆலைகளுக்கு அவசரகாலத் திட்டம் எழுத உதவுகிறேன். கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன், வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (திருப்பூர், சாயப்பட்டறை உரிமையாளர்): எங்களிடம் இருப்பது கொஞ்சம் ஆசிட், காஸ்டிக், பெராக்சைடு, ஹைட்ரோஸ் பொடி (சாயமேற்றப் பயன்படும் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்). அவ்வளவுதான். ஆடிட்டுக்கு ஒரு எமர்ஜென்சி ஃபைலும் இருக்கிறது. இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் சார்?

அந்த ஃபைலை எடுத்து ஏழாம் எட்டாம் பக்கத்தைப் பாருங்கள். வேறு கம்பெனியின் பெயர் அழிக்கப்படாமல் இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். போன் நம்பர் பட்டியலில் முதல் ஆள் வேலையை விட்டே மூன்று வருடம் ஆகியிருக்கும்.

சட்டம் என்று பார்த்தால், 1989-ஆம் ஆண்டின் அபாயகர ரசாயன விதிகள் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அளவு வைத்திருக்கின்றன. குளோரினுக்கு 10 டன். அதைத் தாண்டினால் ஆலைக்குள் அவசரகாலத் திட்டம் கட்டாயம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒத்திகையும் கட்டாயம். உங்கள் சரக்கு அந்த அளவுக்கு வராது. ஆனால் அது ஹைட்ரோஸுக்குத் தெரியாதே!

உங்கள் பட்டியலில் நான் முதலில் பயப்படுவது அதற்குத்தான். ஐப்பசி மழை, ஸ்டோர் கூரையில் ஒரு ஆணி ஓட்டை. கீழே 50 கிலோ டிரம், மூடி சரியாக அழுத்தப்படவில்லை. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்குகிறது. பொடி உள்ளுக்குள் சூடாகி, வெள்ளைப் புகை வந்து, தீக்குச்சி உரசியது போன்ற கந்தக நெடி மூக்கைப் பிடிக்கும். அது சல்ஃபர் டையாக்சைடு. இந்த நேரத்தில் நம் ஆட்கள் கை தானாக மணல் வாளிக்குப் போகும். மணல் இங்கே உதவாது. எரிய ஹைட்ரோஸுக்கு வெளிக்காற்று தேவையில்லை. ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசம். செய்தால் வெள்ளம்போல் ஊற்ற வேண்டும், தூரத்தில் நின்று, காற்று நம் முதுகுப்பக்கம் இருக்கும்படி, ஹோஸ் பிடித்து. அந்த அளவு தண்ணீர் இல்லையென்றால் கிட்டே போகாமல் ஆட்களை வெளியேற்றிவிட்டுத் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள்.

ஆகவே உங்கள் திட்டத்தின் முதல் வரி போன் நம்பர் அல்ல, கூரை. இரண்டாவது வரி, டிரம்மைப் பலகை மேல் ஏற்றி வைப்பது. மூன்றாவது, பெராக்சைடை அதே அறையில் வைக்காதது. ஹைப்போ (பிளீச்சிங் திரவம், சோடியம் ஹைப்போகுளோரைட்) இருந்தால் ஆசிட்டுக்கும் அதற்கும் நடுவில் சுவர் இருக்கட்டும். இரண்டும் கலந்தால் குளோரின்.

கேள்வி (ஓசூர், உலோக முலாம் பூசும் பிளேட்டிங் யூனிட் மேனேஜர்): திட்டத்தை எத்தனை பக்கம் எழுத வேண்டும்? மாதிரி இருந்தால் அனுப்புங்கள்.

மாதிரி அனுப்ப மாட்டேன். அனுப்பினால் என் பெயர் உங்கள் ஏழாம் பக்கத்தில் இருக்கும்.

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஆலையைச் சுற்றி நடங்கள். ஒவ்வொரு டாங்க், டிரம், சிலிண்டர் முன்பும் நின்று கேளுங்கள்: இது முழுதாகக் கொட்டினால் எங்கே ஓடும்? எந்தச் சாக்கடையில் சேரும்? வழியில் எதோடு கலக்கும்? முதலில் பார்ப்பவன் என்ன செய்வான்? பிளேட்டிங் என்றால் சயனைடும் ஆசிட்டும் ஒரே வடிகாலுக்கு வருகிறதா என்பதை முதலில் பாருங்கள். வந்தால் இன்றைக்கே பிரியுங்கள். கலந்தால் வருவது ஹைட்ரஜன் சயனைடு.

அப்புறம் யார் என்ன செய்வது. இங்கே பெயர் எழுதாதீர்கள், பொறுப்பை எழுதுங்கள். பெரும்பாலான திட்டங்களில் தலைமைப் பொறுப்பு எம்.டி.க்கு இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு எம்.டி. வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் ஆலையில் இருக்கும் மூத்த ஆள் ஷிப்ட் சூப்பர்வைசர். யாரையும் கேட்காமல் சைரன் அடிக்கவும் லைனை நிறுத்தவும் அவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுங்கள். பொய் அலாரமாகப் போனாலும் ஒரு வார்த்தை திட்ட மாட்டோம் என்று எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்.

இதை நான் சும்மா வலியுறுத்தவில்லை. போபாலில் 1984 டிசம்பர் 2 நள்ளிரவைத் தாண்டித்தான் வாயு ஊருக்குள் வந்தது. விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் டாங்க் கசிந்தது 2020 மே 7 அதிகாலை மூன்று மணி வாக்கில். 12 பேர் இறந்தார்கள். அங்கே சைரன் இருந்தது, ஊரை எழுப்ப யாரும் அதை அடிக்கவில்லை.

கேள்வி (குடிநீர் சுத்திகரிப்பு நிலைய ஆபரேட்டர்): எங்களிடம் குளோரின் டன்னர் இருக்கிறது. கசிந்தால் தண்ணீர் அடிக்கச் சொல்லி ஒருவரும், அடிக்கக் கூடாது என்று ஒருவரும் சொல்கிறார்கள். எது சரி அண்ணே?

கசியும் இடத்தின் மேல் தண்ணீர் படவே கூடாது. குளோரினும் ஈரமும் சேர்ந்தால் ஆசிட். அது இரும்பை அரித்து ஊசித் துளையை விரல் துளையாக்கும்.

டன்னர் என்கிற அந்த இரும்பு உருளையில் சுமார் 900 கிலோ திரவக் குளோரின் இருக்கும். படுக்க வைத்த டன்னரில் இரண்டு வால்வும் மேலும் கீழுமாக ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்க வேண்டும்: மேல் வால்வில் வாயு, கீழ் வால்வில் திரவம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு பங்கு திரவம் வெளியே வந்தால் நானூற்றைம்பது பங்குக்கு மேல் வாயுவாக விரியும். ஆகவே டன்னரின் உடம்பில் கசிவு என்றால் முதல் வேலை, ஓட்டை மேலே வரும்படி டன்னரை உருட்டுவது. திரவமாகக் கொட்டுவது நின்று வாயுவாக மட்டும் வரும். கசிவு பலமடங்கு குறையும். இதற்கு டன்னர் உருளைத் தாங்கியில் இருக்க வேண்டும். செங்கல்லை அண்டக் கொடுத்து வைத்திருந்தால் அந்த நேரத்தில் நாலு பேர் சேர்ந்தாலும் உருட்ட முடியாது. நாளைக்குக் காலையில் போய் ஒரு காலி டன்னரை உருட்டிப் பாருங்கள்.

இந்த வேலையைச் செய்பவர் காற்று சிலிண்டரை முதுகில் மாட்டும் செட் அணிந்திருக்க வேண்டும். மூக்கில் மாட்டும் கேனிஸ்டர் மாஸ்க் ஓடித் தப்பிக்க மட்டும்தான். அந்த செட்டும் கசிவு அடைக்கும் கிட்டும் எங்கே இருக்கின்றன? குளோரின் அறைக்குள்ளேயே என்று பல இடங்களில் பார்த்திருக்கிறேன். வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியது மாதிரி. வெளியே, இரண்டு திசையில் இரண்டு இடத்தில் வையுங்கள்.

கசியும் இடம் தெரியவில்லையா? அம்மோனியா கரைசலில் துணியை நனைத்துக் குச்சியில் சுற்றிக் கிட்டே காட்டினால் வெள்ளைப் புகை எழும். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், பள்ளத்தில் போய்த் தங்கும். தப்பிக்கிறவர் மேட்டுப்பக்கமாக, காற்று வரும் திசைக்குக் குறுக்கே விலகிப் போக வேண்டும். காற்றுத் திசை காட்டும் துணிப்பையைக் கூரையில் கட்டியிருக்கிறீர்களா? கிழிந்து தொங்கினால் அதையும் மாற்றுங்கள்.

கேள்வி (தூத்துக்குடி, ஐஸ் பிளான்ட்): அம்மோனியாவுக்கும் இதே விதிதானா?

இல்லை. அம்மோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும். பரவும் புகைமேல், தள்ளி நின்று, சாரலாக அடித்துத் திரை போடலாம். தரையில் திரவம் குளமாக நின்றால் அதன்மேல் மட்டும் அடிக்காதீர்கள். அது மைனஸ் 33 டிகிரியில் கொதிக்கும் பொருள்; உங்கள் குழாய்த் தண்ணீர் அதற்கு அடுப்பு. அம்மோனியா காற்றைவிட லேசானது என்று பாடத்தில் படித்ததை நம்பித் தரையில் படுத்துவிடாதீர்கள். குளிர்ந்து கசியும்போது அது மேகமாகத் தரையை ஒட்டித்தான் வரும்.

ஒரே ஒரு விஷயம் கேட்பேன்: ரிசீவரை (திரவ அம்மோனியா சேரும் டாங்க்) அடுத்த கிங் வால்வை (அங்கிருந்து திரவம் போவதை நிறுத்தும் முக்கிய வால்வு) மூடத் தெரிந்தவர் எல்லா ஷிப்டிலும் இருக்கிறாரா? அந்த வால்வுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அம்புக்குறி போடுங்கள். பெயின்ட் டப்பா பெரிய செலவில்லை.

கேள்வி (ராணிப்பேட்டை): டாங்கைச் சுற்றி எவ்வளவு உயரத்துக்குத் தடுப்புச் சுவர் கட்டுவது?

இருப்பதில் பெரிய டாங்கின் கொள்ளளவில் 110 சதவீதம் பிடிக்க வேண்டும். 10,000 லிட்டர் டாங்க் என்றால் 11 கன மீட்டர். சுவருக்குள் இருக்கும் இடம் ஐந்து மீட்டருக்கு நாலு மீட்டர் என்றால் 20 சதுர மீட்டர். கணக்குப்படி 55 சென்டிமீட்டர் போதும். ஆனால் டாங்க் உட்கார்ந்த இடத்தைக் கழிக்க எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். 2.2 மீட்டர் விட்டம் என்றால் அதுவே 3.8 சதுர மீட்டர். கழித்துப் பார்த்தால் 68 சென்டிமீட்டர் வருகிறது. மழைநீர் வடிக்கும் வால்வு எப்போதும் மூடியிருக்கட்டும். அது திறந்தே கிடந்தால் சுவர் வெறும் அலங்காரம்.

தீயணைத்த தண்ணீருக்கும் இடம் விடுங்கள். 1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தில் பாசல் நகருக்கு அருகே பூச்சிமருந்துக் கிடங்கு எரிந்தது. தீயை அணைத்த தண்ணீர் மருந்தோடு ரைன் நதியில் இறங்கி, நெடுந்தூரத்துக்கு மீன்கள் செத்து மிதந்தன.

கேள்வி (லாரி அன்லோடிங் பார்க்கும் சூப்பர்வைசர்): டாங்கர் வரும்போது என்ன கவனிக்க வேண்டும்?

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். நான் அப்போது இருந்த ஆலை ஒன்றில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் டாங்கரின் ஹோஸை ஹைப்போ டாங்க்கில் மாட்டிவிட்டார்கள். இரண்டு இணைப்பும் ஒரே சைஸ், பக்கத்துப் பக்கத்தில், பெயர்ப்பலகை ஆசிட் புகையில் அழிந்திருந்தது. அரை நிமிடத்தில் மஞ்சள் பச்சைப் புகை. டிரைவர் வால்வை மூடாமல் ஓடினார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். பக்கத்தில் நின்ற ஹெல்பர் ஒருவர் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். அப்புறம்தான் இரண்டுக்கும் வேறு வேறு சைஸ் கப்ளிங் போட்டோம், ஒவ்வொன்றுக்கும் பூட்டு, சாவி சூப்பர்வைசரிடம். இத்தனையையும் முதல் நாளே செய்திருக்கலாம். பலகை அழிந்ததை நானே தினமும் பார்த்துக்கொண்டுதான் போனேன்.

டாங்கர் பின்னால் இருக்கும் நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். 1789 ஹைட்ரோகுளோரிக், 1830 சல்ஃபூரிக், 1824 காஸ்டிக் கரைசல், 1005 அம்மோனியா, 1017 குளோரின். பில்லில் இருக்கும் பெயரும் எண்ணும் பொருந்தாவிட்டால் ஹோஸைத் தொடாதீர்கள்.

கேள்வி (ஒப்பந்தத் தொழிலாளி): மேனேஜர் சொல்லாமல் நாங்களே வெளியே ஓடலாமா?

ஓடலாம். போபாலுக்குப் பிறகு 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் ஒரு தனி அத்தியாயமே சேர்த்தார்கள். உடனடி ஆபத்து இருப்பதாகத் தோன்றினால் எச்சரிக்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்று அதில் எழுதினார்கள். வெளியே வந்ததும் கூடும் இடத்துக்குப் போய்ப் பெயர் கொடுங்கள். வீட்டுக்குப் போய்விட்டால் உங்களைத் தேடி ஒருவர் உள்ளே போவார்.

முதலாளிமாருக்கு ஒரு வார்த்தை: ஒடியா, இந்தி பேசும் ஆட்களை வைத்துக்கொண்டு தமிழில் மட்டும் போர்டு எழுதாதீர்கள்.

கேள்வி (ஈரோடு): கழிவுநீர்த் தொட்டியில் ஒருவர் மயங்கி விழுந்தால்?

இறங்காதீர்கள். கயிறும் காற்று செட்டும் இல்லாமல் இறங்கினால் அடுத்த உடல் உங்களுடையது. அழுகிய முட்டை நாற்றம் நின்றுவிட்டது என்றால் வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் முதலில் மூக்குதான் மரத்துப்போகும். கழிவுத் தொட்டி விழுங்க வாயுகூடத் தேவையில்லை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் தோல் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் இறந்தார்கள். தொட்டியைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். யார் எங்கே படுத்துத் தூங்குகிறார்கள் என்பதையும்.

கேள்வி (எண்ணூர் பக்கம் குடியிருப்பவர்): ஆலைக்கு வெளியே இருக்கும் எங்களுக்கு யார் சொல்வார்கள்?

2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது உங்கள் பக்கத்து மக்களுக்கு அதை முதலில் சொன்னது மூக்குதான். அப்படி நடந்திருக்கக் கூடாது. வெளித்திட்டம் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. வருடத்துக்கு ஒரு முறையாவது ஒத்திகை பார்க்க வேண்டும். 1996 விதிகள்படி மாவட்ட, உள்ளூர் அளவில் நெருக்கடிக் குழுக்களும் உண்டு. உங்கள் பகுதிக்கு அதில் யார் யார், கடைசி ஒத்திகை எப்போது என்று கலெக்டர் அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். பேரிடர் எண் மாவட்டத்துக்கு 1077, மாநிலத்துக்கு 1070. அம்மோனியா என்றால் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு காற்றுக்குக் குறுக்கே நடங்கள். துணி கொஞ்சம்தான் காப்பாற்றும்.

கேள்வி (கடலூர்): கண்ணில் ஆசிட் தெறித்தால் பால், மோர் ஊற்றலாமா? எங்கள் ஆட்கள் சொல்கிறார்கள்.

வேண்டாம். தண்ணீர், பதினைந்து நிமிடம், இமையை விரலால் பிரித்து வைத்து, கடிகாரம் பார்த்து. காஸ்டிக் என்றால் இன்னும் கூடுதல் நேரம். அப்புறம் 108. கூடப் போகிறவர் கையில் அந்த ரசாயனத்தின் பாதுகாப்புத் தாள் இருக்கட்டும்.

உங்கள் ஷவரையும் கண் கழுவும் குழாயையும் வாரம் ஒரு முறை திறந்து விடுங்கள். துருத் தண்ணீர் போய்த் தெளிவாக வரும்வரை ஓடட்டும். அதை மத்தியானம் இரண்டு மணிக்குச் செய்து பாருங்கள். மொட்டை மாடிக் குழாயில் சித்திரை வெயிலில் கிடந்த தண்ணீர் கையில் பட்டாலே சுடும், கண்ணில் யாரும் பதினைந்து நிமிடம் ஊற்றிக்கொள்ள மாட்டார்கள். குழாயை நிழலில் இழுங்கள், முடியாவிட்டால் மேலே சாக்கைச் சுற்றுங்கள்.