விதி இல்லை, விநாடிக் கணக்கு

கேள்வி: 2023 டிசம்பரில் தெலங்கானாவின் தூப்ரான் அருகே விழுந்த விமானப்படைப் பயிற்சி விமானத்தில் பயிற்றுநர், பயிற்சி வீரர் இருவருமே இறந்தார்கள். 2025 நவம்பரில் திருப்போரூர் அருகே விழுந்த விமானத்தின் விமானி பாராசூட்டில் தப்பிவிட்டார். இரண்டும் பிலாட்டஸ் பிசி-7தான். இதை விதி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

பதில்: விதியைக் கூப்பிடுமுன் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிலாட்டஸில் இருப்பது மார்ட்டின் பேக்கர் நிறுவனத்தின் எஜெக்‌ஷன் இருக்கை. கைப்பிடியை இழுத்ததும் வெடிமருந்து விசை ஆளையும் இருக்கையையும் சேர்த்து, கண்ணாடி மூடியை உடைத்துக்கொண்டு வெளியே எறிகிறது. சிறு பாராசூட் விரிந்து இருக்கையை நிலைப்படுத்தும். பிறகு இருக்கை கழன்று பெரிய பாராசூட் விரியும். இத்தனையும் முடிய இரண்டு மூன்று விநாடி.

தரைக்கு அருகிலும் தப்பலாம் என்று சொல்வது, இறக்கை சமமாக, விமானம் கீழே இறங்காமல் இருக்கும்போதுதான். நிமிடத்துக்கு 3,000 அடி வீதம் விழுகிறதென்றால் விநாடிக்கு 50 அடி. என்ஜினை இன்னொரு தடவை கிளப்பிப் பார்க்கலாமே என்று ஐந்து விநாடி யோசித்தால் 250 அடி காலி. விமானம் கவிழ்ந்திருந்தால் இன்னும் மோசம்: இருக்கை தரையை நோக்கித்தான் பாயும். அதனால்தான் எந்த உயரத்துக்குக் கீழே போனால் யோசிக்காமல் இழுக்க வேண்டும் என்பதைத் தரையில் இருக்கும்போதே முடிவு செய்துவிடச் சொல்கிறார்கள்.

எஜெக்‌ஷன் இருக்கை இருக்கும் விமானத்தின் கதையே இது. அதுவே இல்லாத விமானத்தில்தான் நம் விமானப்படை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிள்ளைகளுக்கு முதல் பாடம் நடத்தியது. அரசு நிறுவனமான இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (எச்ஏஎல்) செய்த எச்பிடி-32 தீபக்: 260 குதிரைத்திறன் கொண்ட, பிஸ்டன் வகை என்ஜின் ஒன்றே ஒன்று, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேர். என்ஜின் நின்றால், சமதரை கிடைத்தால் இறக்கலாம். கிடைக்காவிட்டால் மூடியைப் பின்னால் தள்ளி, வாரை அவிழ்த்து, எழுந்து, இறக்கை மேலாகக் குதித்து, பாராசூட்டைத் தானே இழுத்து விரிக்க வேண்டும். ஆயிரம் அடியில் அதற்கெல்லாம் ஏது நேரம்? அந்த என்ஜினோ அடிக்கடி நின்றது. 17 விபத்துகளில் 19 விமானிகள் போனார்கள். 2009 ஜூலையில் அனுபவமிக்க பயிற்றுநர்கள் இருவர் ஒரே விமானத்தில் இறந்த பிறகுதான் தீபக்கைப் பறக்கவிடாமல் நிறுத்தினார்கள்.

புது விமானம் வாங்க அவசரப்பட்டார்களா என்றால், அதுவும் இல்லை. 75 பிலாட்டஸுக்கு ஒப்பந்தம் போட்டது 2012இல். பயிற்சிக்கு வந்தது 2013இல். இடைப்பட்ட காலத்தில், அடுத்த கட்டப் பயிற்சிக்கான கிரண் ஜெட்டில் முதல் நாளே மாணவர்களை ஏற்றினார்கள். கிரண் 1960களின் விமானம். ஆனாலும் அதில் எஜெக்‌ஷன் இருக்கை இருந்தது.